தனியார் பல்கலைக்கழகப் படிப்பும் பண உதவியும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "ஃபீஸ் எவ்வளவு?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த சீட் எந்த வழியில் வருகிறது?" அரசு உதவிகளில் பாதிக்கு மேல் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான். கீழே உள்ள பதில்கள் பலவும் அதையே சுற்றி வரும்.

கேள்வி: தனியார் பல்கலைக்கழகமும் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியும் ஒன்றுதானே?

இல்லை. தமிழ்நாட்டில் மக்கள் "தனியார் பல்கலைக்கழகம்" என்று சொல்பவை பெரும்பாலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது டீம்டு யுனிவர்சிட்டிகள். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் தகுதி பெற்றவை. மாணவர் சேர்க்கையையும் கட்டணத்தையும் பெரும்பாலும் அவையே தீர்மானிக்கின்றன. குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் உயர்கல்வி மையம் இந்த மாவட்டத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டு.

சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரி வேறு. அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தன் இடங்களில் ஒரு பங்கை அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்க வேண்டும்: சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி 50 விழுக்காடு, மற்றவை 65 விழுக்காடு. குமரியில் சிறுபான்மைக் கல்லூரிகள் நிறைய என்பதால் இங்கே 50 என்ற கணக்கே அதிகம் அடிபடும். மீதி இடங்கள் மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்புபவை.

ஆக உங்கள் பிள்ளையின் சீட் மூன்று வழிகளில் ஒன்றில் வரும்: கலந்தாய்வு, மேனேஜ்மென்ட் கோட்டா, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நேரடிச் சேர்க்கை. சேர்க்கைக் கடிதத்தில் இது எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் வங்கியும் நல அலுவலகமும் அதைத்தான் கேட்கும்.

கேள்வி: முதல் பட்டதாரி சலுகை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. அந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு, டியூஷன் கட்டணத்தில் கழித்துத் தரப்படுவது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் இல்லை. சேர்க்கை முகவர் ஒருவர் "ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் கொண்டு வாங்க, குறைத்துத் தருகிறோம்" என்றால் அது பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து தரும் தள்ளுபடி, அரசுச் சலுகை அல்ல. முதல் ஆண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சேவை எண் ஆர்.இ.வி. 104, கட்டணம் 60 ரூபாய். தாத்தா பாட்டி (இரு பக்கமும்), தாய் தந்தை, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. டிப்ளமோ மட்டும் முடித்திருந்தால் அது பட்டமாகக் கணக்கில் வராது. அக்காள் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. கலந்தாய்வுப் பதிவில் சான்றிதழோடு பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியையும் பதிவேற்ற வேண்டும். அதை விட்டுவிட்டுச் சலுகை இழப்பவர்கள் உண்டு.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை. 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு தனியாருக்கும் உண்டா?

கலந்தாய்வில் வரும் சுயநிதிக் கல்லூரி இடங்களுக்கு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் டியூஷன், விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நேரடிச் சேர்க்கைக்கு இது பொருந்தாது.

நம் மாவட்டத்தில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். "அரசு சம்பளம் தரும் பள்ளிதானே" என்று அரசுப் பள்ளிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். 7.5 விழுக்காட்டுக்கு உதவிபெறும் பள்ளி செல்லாது.

இந்தத் தகுதி உள்ள பிள்ளை, "பக்கத்திலேயே இருக்கிறது" என்பதற்காக நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டிச் சேர்வது பெரிய இழப்பு. கலந்தாய்வு முடிவு தெரியும்வரை பொறுங்கள்.

கேள்வி: மாதம் 1,000 ரூபாய் திட்டம்?

பெண்களுக்குப் புதுமைப் பெண் (செப்டம்பர் 2022 முதல்), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (ஆகஸ்ட் 2024 முதல்). 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளியில் ஆங்கில வழி படித்திருந்தால் இல்லை. சாதி, வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். தனியார் நிறுவனத்தில் படித்தாலும் உண்டு. விண்ணப்பம் நிறுவனம் வழியாகத்தான் போகும். உங்கள் பள்ளிக் கால எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) கையில் வைத்திருங்கள், அதிலிருந்துதான் பள்ளி விவரம் சரிபார்க்கப்படும்.

கேள்வி: ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்குத் தனியார் பல்கலைக்கழகத்தில் என்ன கிடைக்கும்?

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான அரசு உதவி. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் இரண்டு பகுதி. ஒன்று திரும்பக் கிடைக்காத கட்டாயக் கட்டணங்கள். மற்றது பராமரிப்புத் தொகை: தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு விடுதியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 7,000.

மூன்று இடங்களில் இடறும்.

முதலாவது, மேனேஜ்மென்ட் கோட்டா. 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலிருந்தே அந்த வழியில் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்று வைத்துவிட்டார்கள். "சேர்ந்த பிறகு ஸ்காலர்ஷிப் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தால் நான்கு ஆண்டுக் கட்டணமும் தலையில் விழும்.

இரண்டாவது, அளவு. கட்டணத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு ஒப்புக்கொண்ட தொகைவரைதான் அரசு தரும். நிறுவனம் அதற்கு மேல் வாங்கும் தொகை உங்கள் கையிலிருந்து போகும். சேர்வதற்கு முன் கட்டண விவரத்தை ஒரு தாளில் வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் காட்டி, "இதில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, பணம் வரும் வழி. 2021-க்குப் பிறகு பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. மாநிலம் 40, மத்திய அரசு 60 என்று பங்கு பிரிந்து, இரண்டு தவணையாக, வெவ்வேறு மாதங்களில் விழும். அதை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியது மாணவர் பொறுப்பு. வந்த பணம் வீட்டுச் செலவில் கரைந்து, செமஸ்டர் முடிவில் ஹால் டிக்கெட் நிறுத்தப்படும் நிலை வருகிறது. பணம் வந்த அன்றே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பம். சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கிறது. எங்களுக்கு உண்டா?

உண்டு. மத்திய அரசின் பட்டியலில் நீங்கள் ஆதிதிராவிடராக எண்ணப்படுவதில்லை. ஆனால் தமிழ்நாடு அரசு போஸ்ட் மெட்ரிக் உதவியைத் தன் சொந்த நிதியிலிருந்து உங்களுக்கும் தருகிறது. வருமான வரம்பு அதே 2.5 லட்சம். விண்ணப்பத்தில் "எஸ்.சி.சி." என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பி.சி. என்று போட்டால் வேறு துறைக்குப் போய்விடும், எஸ்.சி. என்று போட்டால் சான்றிதழோடு பொருந்தாமல் திரும்பும். குமரியில் இந்தக் குடும்பங்கள் மிகுதி. பலர் தங்களுக்கு எதுவும் இல்லை என்றே நினைத்து விண்ணப்பிக்காமல் விடுவது வருத்தமானது.

கேள்வி: பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு?

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவி 2.5 லட்ச வருமான வரம்போடு இருக்கிறது. நிறுவனத்தின் உதவித்தொகைப் பிரிவில் கேட்டு, யு.எம்.ஐ.எஸ். எனும் உயர்கல்வி மாணவர் விவரத் தளத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பதிவே இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது. சிறுபான்மையினருக்கு டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) வழியாகக் கல்விக் கடன் உண்டு, அது மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில்.

கேள்வி: சாதி பாராமல், மதிப்பெண் அல்லது வருமானம் பார்த்துத் தருபவை?

தேசிய உதவித்தொகைத் தளமான என்.எஸ்.பி.யில் இவற்றைப் பாருங்கள்.

பிரகதி: ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் பெற்ற டிப்ளமோ, டிகிரி தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் (அல்லது நேரடி இரண்டாமாண்டு சேரும்) பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை. 8 லட்சம் என்பது பெரிய வரம்பு. ஆசிரியர், செவிலியர் வீட்டுப் பிள்ளைகள்கூட இதற்குள் வரலாம். ஆனால் நிறுவனம் அந்தப் படிப்புக்கு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் வைத்திருக்க வேண்டும். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகப் படிப்புகள் இங்கேதான் அடிபடும். முதலாண்டு விட்டுவிட்டால் மறுபடி புதிதாக விண்ணப்பிக்க முடியாது.

சக்ஷம்: 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு அதே 50,000. ஸ்வநாத்: பெற்றோரை இழந்தவர்களுக்கு.

மத்தியத் துறை உதவித்தொகை: பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில், தங்கள் பிரிவில் மேல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கு. வருமானம் 4.5 லட்சத்துக்குள். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000. தொகை சிறிது, ஆனால் பஸ் கட்டணத்துக்கு ஆகும்.

தொழில் சார்ந்த உதவிகளையும் மறக்க வேண்டாம். மீனவர் நல வாரியம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், பனைமரத் தொழிலாளர் நல வாரியம் ஆகியவை உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகின்றன. முந்திரி ஆலையில் வேலை செய்யும் அம்மாவின் சம்பளச் சீட்டில் தொழிலாளர் நல நிதிப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ரப்பர் வெட்டும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ரப்பர் வாரியத்தின் உதவி உண்டு. வாரிய அட்டை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கிடப்பதுதான் இவற்றில் வழக்கமான தடை.

கேள்வி: பல்கலைக்கழகமே "50 விழுக்காடு ஸ்காலர்ஷிப்" தருவதாகச் சொல்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

எதில் 50 என்று கேளுங்கள். பெரும்பாலும் டியூஷன் கட்டணத்தில் மட்டும். ஒரு மாதிரிக் கணக்கு: டியூஷன் 1,20,000, விடுதியும் சாப்பாடும் 95,000, பரீட்சை, ஆய்வகம், இதர கட்டணம் 25,000. மொத்தம் 2,40,000. பாதி டியூஷன் தள்ளுபடியானால் 60,000 குறையும், நீங்கள் கட்டுவது 1,80,000. விளம்பரத்தில் 50 விழுக்காடு, உங்கள் பையில் 25 விழுக்காடு.

அடுத்து, தொடரும் நிபந்தனை. பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட சி.ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி), அரியர் கூடாது, 75 விழுக்காடு வருகை. முதல் செமஸ்டர் கணிதத்தில் ஒரு அரியர் விழுந்தால் அடுத்த ஆண்டிலிருந்து முழுக் கட்டணம். தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கடினம். அந்த ஒரு அரியரில் மூன்று ஆண்டுக்கான 1,80,000 போய்விடும். அரியரை எழுதித் தேறினால் சலுகை திரும்புமா என்று இப்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். "முதல் வாரத்தில் சேர்ந்தால் மட்டும்" என்று அவசரப்படுத்தும் சலுகையை விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: கல்விக் கடன் எப்படி? ஜாமீன் வேண்டுமா?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம்வரை உங்கள் பங்குப் பணம் தேவையில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம்வரை சொத்து அடமானம் வேண்டாம், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. திருப்பிச் செலுத்த 15 ஆண்டுகள்வரை.

கட்ட வேண்டியதில்லை என்றால் வட்டி ஓடாது என்று பொருள் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சமாக நான்கு ஆண்டு, 10 விழுக்காடு தனி வட்டி என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் 4 லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 7,140. படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் (முதலாண்டில் மாதம் சுமார் 835, நான்காம் ஆண்டில் சுமார் 3,335) அசல் 4 லட்சமாகவே நிற்கும், தவணை சுமார் 5,290. இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 விழுக்காடுவரை குறைக்கும் வழக்கமும் உண்டு. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டும் வீடுகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வட்டி மானியம் யாருக்கு?

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பு, நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று உள்ள இடம் என்றால், படிப்பும் பின் ஓராண்டும் முடியும்வரை முழு வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. மேலே சொன்ன 1,40,000 முழுதும் உங்களுக்கு மிச்சம். கடன் வாங்கும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து, "வட்டி மானியத்துக்கு என் பெயரைச் சேர்த்தீர்களா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கிளையில் சான்றைக் கோப்பில் வைத்துவிட்டுத் தளத்தில் ஏற்றாமல் விட்டால், ஐந்தாம் ஆண்டில்தான் உங்களுக்குத் தெரியவரும்.

நவம்பர் 2024-இல் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், அரசு வெளியிடும் தரமான நிறுவனங்கள் பட்டியலில் (தொடக்கத்தில் 860) தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு அடமானமோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன். 8 லட்ச வருமானம்வரை 10 லட்ச ரூபாய்க் கடனுக்கு 3 விழுக்காடு வட்டிக் குறைப்பு உண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு. உங்கள் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தத் திட்டத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம்.

கேள்வி: கிளை மேலாளர் "இது எங்கள் ஏரியா இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

அனுப்பக் கூடாது. சேவைப் பகுதியைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. வாய்வார்த்தை மறுப்பை ஏற்க வேண்டாம். வித்யாலட்சுமி எனும் இணையவழிக் கல்விக் கடன் தளத்தில் விண்ணப்பித்தால் விண்ணப்ப எண் கிடைக்கும், மறுத்தால் காரணம் பதிவாக வேண்டும். மறுப்பைக் கிளை தானாக முடிவு செய்ய முடியாது, மேல் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அடுத்த படி, வங்கியின் மண்டல அலுவலகம், அதன்பின் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர். குமரிக்கு முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி.

உண்மையான தடை பெரும்பாலும் வேறு: பெற்றோரின் சிபில் அறிக்கை, அதாவது வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்ற பதிவு. மறந்துபோன நகைக்கடன், யாருக்கோ போட்ட ஜாமீன், முடிக்காத டிவி தவணை. பிப்ரவரியிலேயே அறிக்கையை எடுத்துப் பார்த்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

கேள்வி: அப்பா வளைகுடாவில். வருமானச் சான்று எப்படி?

வெளிநாட்டுச் சம்பளமும் குடும்ப வருமானமே. "இங்கே வருமானம் இல்லை" என்று குறைத்து வாங்கிய சான்றும், கடனுக்காகக் கொடுக்கும் சம்பளச் சான்றும் ஒரே வங்கி மேசையில் சந்திக்கும். அப்போது இரண்டும் போகும். அவர் ஊரில் இல்லாதபோது அம்மா இணைக் கடன்தாரராக இருக்க முடியுமா, பவர் பத்திரம் தேவையா என்று வங்கியிடம் முன்பே கேளுங்கள். அவர் விடுமுறைக்கு வரும் தேதியைக் கணக்கிட்டுக் கையெழுத்துகளை முடித்துவிடலாம்.

வருமானச் சான்றின் சேவை எண் ஆர்.இ.வி. 103. ஓராண்டுக்குத்தான் செல்லும், எனவே ஒவ்வோர் ஆண்டும் புதிது வேண்டும். கிள்ளியூர், திருவட்டாறு தாலுகாக்கள் பிறகு பிரிந்தவை. பழைய ஆவணத்தில் விளவங்கோடு அல்லது கல்குளம் என்று இருந்தாலும், இப்போதைய தாலுகாவையே விண்ணப்பத்தில் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தேன். "அப்ரூவ்டு" என்றும் வந்துவிட்டது. பணம் மட்டும் வரவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஆதார் சீடிங். வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது ஒன்று, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம்) பட்டியலில் இணைந்திருப்பது வேறு. பணம் கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். சிம் வாங்கும்போது கடைக்காரர் திறந்துகொடுத்த பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கில் உதவித்தொகை போய்ச் சேர்ந்திருக்கும், பிள்ளைக்கே தெரியாது. மைஆதார் தளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" பாருங்கள், எந்த வங்கி என்று காட்டும்.

இரண்டாவது, பெயர். மதிப்பெண் பட்டியலில் "அபிஷா எஸ்", ஆதாரில் "அபிஷா செல்வராஜ்", வங்கியில் "எஸ் அபிஷா". மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் கணினி ஏற்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் மாற்றுங்கள், சான்றிதழை மாற்றுவதுதான் கடினம்.

மூன்றாவது, நிறுவனத்தின் பொறுப்பு அலுவலர் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போயிருக்கும். வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பார்ப்பதே வழி.

கேள்வி: நிகர்நிலையில் கட்டியபின் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தது. பணம் திரும்புமா?

திரும்ப வேண்டும். 2024-25 ஆண்டுக்கு மானியக் குழு சொன்னது: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும். ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பின் தேதியைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தேதிதான் உங்கள் ஆதாரம். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த "நன்கொடை"யை மீட்பது மிகக் கடினம். அப்படி வாங்குவதே 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: படிப்பின் நடுவில் வருமானம் நின்றுவிட்டது. என்ன செய்வது?

கெடு தேதிக்கு முன்னால் போங்கள். கெடு முடிந்தபின் அபராதமும் சேர்ந்துகொள்ளும். பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: என்ன நடந்தது, எவ்வளவு கட்ட முடியும், மீதி எந்தத் தேதிகளில். மருத்துவமனை அல்லது இறப்புச் சான்று நகல் இணைக்கவும். ஏற்கெனவே கல்விக் கடன் இருந்தால், மீதி ஆண்டுகளுக்குக் கூடுதல் தொகை கேட்டு அதே கிளையில் விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால், மூன்றாம் ஆண்டிலும் புதிய கடன் கேட்கலாம், கல்லூரித் தொடக்கத்திலேயே வாங்க வேண்டும் என்ற விதி இல்லை. புதிய வருமானச் சான்றை உடனே எடுங்கள். பழைய வருமானத்தால் தகுதி இல்லாமலிருந்த உதவித்தொகைகளில், ஆண்டுதோறும் விண்ணப்பம் ஏற்பவை இப்போது திறந்திருக்கும்.